குறைந்த செலவில் பல கேமரா நேரலை: கேமராவைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே கேமராவை வைத்து நேரலை செய்து பழகியவர்கள் இரண்டாவது, மூன்றாவது கேமராவுக்குப் பணம் ஒதுக்கும்போது, தேடலைப் பெரும்பாலும் படத்தின் தரத்திலிருந்தே தொடங்குகிறார்கள். 4கே உண்டா, பின்னணி மங்கலாகத் தெரியுமா, குறைந்த வெளிச்சத்தில் எப்படி எடுக்கும் என்பனவே முதல் கேள்விகளாக இருக்கின்றன. புகைப்படத்துக்கும் குறும்படத்துக்கும் இவை பொருத்தமான கேள்விகள்தாம். நேரலையில் கேமரா செய்ய வேண்டிய வேலை வேறு. மூன்று, நான்கு மணி நேரம் ஒரு நொடிகூட அணையாமல், எழுத்தோ குறியோ மேலே தோன்றாத தூய படத்தை, பக்கத்துக் கேமராவின் நிறத்தோடு ஒத்துப்போகும்படி, அது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யக்கூடிய எளிய கேமராக்கள் மூன்று இருந்தால், ஒரு விலையுயர்ந்த கேமராவையும் கையில் அகப்பட்ட வேறு இரண்டையும் சேர்த்து நடத்தும் நிகழ்ச்சியைவிட நல்ல நிகழ்ச்சியை நடத்திவிடலாம். இதை நான் உறுதியாக நம்புகிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்தே எழுதப்பட்டவை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். எத்தனை கேமரா வைத்தாலும் இணையத்துக்குப் போவது ஒரே ஒரு படம்தான். எனவே கேமராக்களின் எண்ணிக்கை கூடுவதால் பதிவேற்ற வேகம் கூடுதலாகத் தேவைப்படாது. அந்த ஒரு படமும் சில மெகாபிட் அளவுக்குச் சுருக்கப்பட்டே பார்வையாளரைச் சென்றடைகிறது. விலையுயர்ந்த கேமராவின் நுண்ணிய விவரங்களில் பெரும்பகுதி அந்தச் சுருக்கத்திலேயே கரைந்துவிடும். 1080 அளவில் (1920×1080 புள்ளிகள்) நன்றாக எடுக்கும் கேமரா, பெரும்பாலான நேரலைகளுக்கு முழுமையாகப் போதும்.

படி 1: கேமராவுக்கு முன் காட்சியை முடிவு செய்யுங்கள்

நிகழ்ச்சி நடக்கும் இடத்தின் வரைபடம் ஒன்றைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பேசுபவர் எங்கே நிற்பார், கேமராக்களை எங்கெங்கே வைக்க முடியும், ஒவ்வோர் இடத்திலிருந்தும் பேசுபவர் வரை எத்தனை மீட்டர் என்பதை அளந்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கேமராவும் எதைக் காட்ட வேண்டும் என்பதை அதன் பக்கத்தில் குறியுங்கள்: மேடை முழுவதும், பேசுபவரின் இடுப்புக்கு மேல், வாத்தியம் வாசிப்பவரின் கைகள் என்பதுபோல. இந்தத் தாள் இல்லாமல் கேமரா வாங்குவது அளவு எடுக்காமல் துணி வெட்டுவதைப் போன்றது.

அளவுகள் கிடைத்துவிட்டால், எந்த லென்ஸ் வேண்டும் என்பது வெறும் கணக்குதான். சென்சாரின் (கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சில்லின்) அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) அடங்க வேண்டிய காட்சியின் அகலத்தால் வகுத்தால், லென்ஸின் மேல் மில்லிமீட்டரில் குறித்திருக்கும் குவியத் தூரம் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கேமரா 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. பேசுபவரின் இடுப்புக்கு மேல் தெரிய வேண்டும். 16:9 சட்டத்தில் 2 மீட்டர் அகலம் எடுத்தால் உயரம் ஏறக்குறைய 1.1 மீட்டர் வரும்; இடுப்பிலிருந்து தலைக்கு மேல் சிறிது இடம் விட்டு அடங்க அது போதும். ஏ.பி.எஸ்.-சி என்ற அளவுள்ள சென்சாரின் அகலம் சுமார் 23.5 மில்லிமீட்டர். 23.5-ஐ 10-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 117.5 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருக்கு அகலம் 17.3, அதற்கு 86.5 மில்லிமீட்டர் போதும். 1 அங்குல சென்சாரில் அகலம் 13.2, அங்கே 66 மில்லிமீட்டரிலேயே அதே காட்சி கிடைத்துவிடும்.

இப்போது மிரர்லெஸ் கேமராவுடன் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸை மாற்றக்கூடிய கேமரா) வழக்கமாகச் சேர்ந்து வரும் 16–50 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முழுவதும் ஜூம் செய்தாலும், ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் 10 மீட்டர் தூரத்தில் 4.7 மீட்டர் அகலம் தெரியும். பேசுபவர் சட்டத்தின் நடுவே சிறியதாக நிற்பார். சுற்றிலும் வெற்றிடம் இருக்கும். மலிவாகக் கிடைத்த கேமரா உடலுக்குப் பின்னர் நீண்ட லென்ஸ் வாங்க வேண்டிவந்து, திட்டமிட்ட தொகை இரட்டிப்பாவது இந்த இடத்தில்தான். சில கேமராக்கள் வீடியோவுக்கு மாறும்போது சென்சாரின் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்துகின்றன. அப்போது காட்சி இன்னும் நெருங்கிவிடும். தொலைவிலிருந்து எடுக்க அது உதவினாலும், சிறிய அறையில் அகலக் காட்சி வேண்டுபவருக்கு இடைஞ்சலாகும். வாங்கும் முன் அந்த விவரத்தையும் பார்த்துவிடுங்கள்.

படி 2: படம் எந்த வழியாக வந்து சேரும் என்பதைத் தீர்மானியுங்கள்

கேமராவிலிருந்து படத்தைக் கொண்டுவர இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கேப்சர் கார்டு (கேமராவின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் சிறு கருவி) வைத்து எல்லாவற்றையும் கணினியில் இணைத்து, ஓ.பி.எஸ். போன்ற இலவச மென்பொருளில் காட்சிகளை மாற்றுவது ஒரு வழி. எல்லாக் கேமராக்களையும் ஒரு ஸ்விட்ச்சரில் இணைத்து, அங்கே பொத்தானை அழுத்தி மாற்றி, முடிவான ஒரே படத்தை மட்டும் கணினிக்கு அனுப்புவது மற்றொரு வழி. எந்தக் கேமரா பொருந்தும் என்பதை இந்த முடிவு நேரடியாகக் கட்டுப்படுத்துவதால், கேமராவுக்கு முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும்.

கேப்சர் கார்டு வழி மலிவாகத் தெரிந்தாலும் அதில் மறைந்திருக்கும் வரம்பு யு.எஸ்.பி. இணைப்பின் கொள்ளளவு. நொடிக்கு 60 சட்டங்கள் (தனித்தனி நிலைப்படங்கள்) கொண்ட 1080 படம், நிற விவரத்தை மட்டும் பாதியாக்கி மற்றபடி சுருக்கப்படாத 4:2:2 வடிவில் நொடிக்கு ஏறக்குறைய 2 ஜிகாபிட் இடம் எடுத்துக்கொள்கிறது. 30 சட்டங்கள் என்றால் அதில் பாதி. யு.எஸ்.பி. 2.0 தரும் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். ஆகவே யு.எஸ்.பி. 2.0 கேப்சர் கார்டுகள் படத்தை ஜேபெக் முறையில் சுருக்கித்தான் அனுப்ப முடியும். எம்.எஸ்.2109 என்ற சில்லில் இயங்கும் சிறிய, மிக மலிவான கார்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை; அவை 4கே சமிக்ஞையை ஏற்றுக்கொண்டாலும் கணினிக்குத் தருவது 1080 அளவில் 30 சட்டங்கள்தாம். உறையின் மேல் 4கே என்று பெரிதாக அச்சிட்டிருப்பது உள்ளே வரும் சமிக்ஞையைப் பற்றியது என்பதை மறக்க வேண்டாம். யு.எஸ்.பி. 3.0-இன் 5 ஜிகாபிட்டில் பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 4 ஜிகாபிட். மடிக்கணினியில் மூன்று துளைகள் இருந்தாலும் அவை மூன்றும் உள்ளே ஒரே கட்டுப்பாட்டுச் சில்லில் இணைந்திருந்தால், அந்த 4 ஜிகாபிட்டைத்தான் மூன்று கேமராக்களும் பங்கிட்டுக்கொள்ளும். முதல் இரண்டு கேமராக்கள் நன்றாகத் தெரிந்து, மூன்றாவதை இணைத்தவுடன் ஏதாவது ஒன்று கறுப்பாகிவிடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஒரே மாதிரியான மலிவு கார்டுகள் மூன்றை இணைத்தால், மூன்றும் கணினியில் ஒரே பெயரில் தோன்றும். ஒன்றைக் கழற்றி வேறு துளையில் செருகினால் மென்பொருளில் கேமரா 1 இருந்த இடத்தில் கேமரா 3 வந்து நிற்கும். கார்டிலும் துளையிலும் எண் எழுதிய சிறு ஒட்டுத்தாளை ஒட்டிவைத்து, எப்போதும் அதே துளையில் செருகிவந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

மூன்று கேமரா அல்லது அதற்கு மேல் என்றால் நான் ஸ்விட்ச்சரையே பரிந்துரைப்பேன். பிளாக்மேஜிக் நிறுவனம் 2019-இல் அறிமுகப்படுத்திய ஏடெம் மினி, நான்கு எச்.டி.எம்.ஐ. உள்ளீடுகளோடு வந்து இந்தத் துறையின் விலைக் கணக்கையே மாற்றியது. அதன் ஒவ்வோர் உள்ளீட்டிலும் வடிவ மாற்றி இருப்பதால், ஒரு கேமரா 25 சட்டங்களும் மற்றொன்று 30 சட்டங்களும் அனுப்பினாலும் அது ஒன்றாக்கிக்கொள்ளும். ஆனால் அதன் உள்ளீடுகள் 1080 வரைதான் ஏற்கும். எனவே 4கே கேமராவை இணைக்கும்போது, கேமராவின் பட்டியலில் எச்.டி.எம்.ஐ. வெளியீட்டை 1080 என்று மாற்றியாக வேண்டும். 1080 வெளியீடே தர முடியாத கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த அமைப்பில் கறுப்புத் திரையைத்தான் காட்டும்.

கம்பியின் நீளத்தையும் முதல் படியில் வரைந்த தாளிலேயே எழுதுங்கள். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 5 மீட்டர் வரை கவலை தராது. 10 மீட்டரைத் தாண்டினால் நம்பி நேரலைக்கு இறங்க முடியாது. அதற்கு மேல் ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிள் உண்டு, அதில் ஒரு முனை கேமராவுக்கும் மறுமுனை ஸ்விட்ச்சருக்கும் என்று குறித்திருக்கும், திருப்பிச் செருகினால் படம் வராது. இழுத்துச் செல்லும்போது கூர்மையாக மடிக்கவும் கூடாது. தொழில்முறை வீடியோ கருவிகளில் உள்ள எஸ்.டி.ஐ. என்னும் இணைப்பு வழி இன்னும் உறுதியானது. கோஆக்சியல் கேபிளில் 1080 படத்தைப் பல பத்து மீட்டர் தூரம் கொண்டுசெல்லலாம். முனை திருகிப் பூட்டிக்கொள்வதால் யாராவது கேபிளில் இடறினாலும் எளிதில் கழன்றுவிடாது. எஸ்.டி.ஐ. உள்ள கேமராக்கள் விலை கூடியவை என்பதால், எச்.டி.எம்.ஐ. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மாற்றியும் ஸ்விட்ச்சருக்குப் பக்கத்தில் மற்றொன்றும் வைப்பது சிக்கனமான ஏற்பாடு.

படி 3: விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனைகளை வைத்து வடிகட்டுங்கள்

வாங்க நினைக்கும் ஒவ்வொரு மாதிரியையும் சில கேள்விகளால் சோதியுங்கள். ஒன்றுக்கு இல்லை என்ற பதில் வந்தாலும் அந்தக் கேமராவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

முதலாவது, அது கிளீன் எச்.டி.எம்.ஐ. தருமா என்பது. பேட்டரி குறி, ஃபோகஸ் சதுரம், ஷட்டர் எண் ஆகியவை எச்.டி.எம்.ஐ. வழியே வெளியே போகும் படத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கேமரா நேரலைக்கு ஆகாது. சில மாதிரிகளில் எழுத்துகளை மறைக்க முடிந்தாலும், முகத்தைச் சுற்றி வரும் சட்டம் மட்டும் விடாமல் தொடரும். ஒரே தொடரில் வந்த அடுத்தடுத்த மாதிரிகளில்கூட இது மாறுபடுவதால், துல்லியமான மாதிரிப் பெயரை வைத்தே உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, தானாக அணைந்துவிடாமல் இருக்குமா என்பது. புகைப்படக் கேமராக்கள் பலவற்றில் பதிவு 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராக்களுக்கு விதித்த கூடுதல் இறக்குமதி வரியைத் தவிர்க்க நிறுவனங்கள் வைத்த வரம்பு அது. அந்த வரம்பு பொதுவாக மெமரி கார்டில் பதிவு செய்வதற்கு மட்டும் உரியது. பதிவு செய்யாமல் எச்.டி.எம்.ஐ. வழியே படத்தை அனுப்பிக்கொண்டிருந்தால் அது குறுக்கிடாது. ஆனால் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் (உள்ளே கண்ணாடி உள்ளவை) சிலவற்றில், தானே அணையும் வசதியை நிறுத்தி வைத்தாலும் நேரடிக் காட்சி அரை மணி நேரத்தில் துண்டிக்கப்படும். குறைந்த விலையில் கிடைக்கும் பழைய டி.எஸ்.எல்.ஆர்.களை நான் நேரலைக்குத் தயங்கிப் பார்ப்பதற்கு இது முக்கியக் காரணம்.

மூன்றாவது, மின்சாரத்தில் நேரடியாக ஓடுமா என்பது. கேம்கார்டர்களோடு (வீடியோவுக்கென்றே செய்த, லென்ஸ் உடலோடு சேர்ந்த கேமராக்கள்) அடாப்டர் சேர்ந்தே வரும். மிரர்லெஸ் கேமராக்களுக்குப் பேட்டரியின் வடிவிலேயே செய்து கம்பி இணைத்த டம்மி பேட்டரி கிடைக்கிறது. அதன் விலையைக் கேமராவின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். புதிய கேமராக்கள் சில யு.எஸ்.பி. வழியே மின்சாரம் எடுத்துக்கொண்டே இயங்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: பேட்டரியை ஏற்றுவது வேறு, மின்சாரத்தில் இயங்குவது வேறு. ஏற்றும் வேகத்தைவிடச் செலவு வேகம் கூடுதலாக இருந்தால் மூன்றாவது மணி நேரத்தில் கேமரா அணைந்துவிடும்.

நான்காவது, வெப்பம். 4கே பதிவையும் நேரலையையும் ஒன்றாகச் செய்யச் சொன்னால் சிறிய உடல் கொண்ட கேமராக்கள் சூடாகி நின்றுவிடுவதுண்டு. 1080 அளவில் வைத்து, கார்டில் பதிவு செய்யாமல், திரையை உடலிலிருந்து விலக்கித் திறந்து வைத்தால் பெரும்பாலானவை தாங்கும். பதிவு வேண்டுமென்றால் அதைக் கணினியிலோ ஸ்விட்ச்சரிலோ செய்துகொள்ளலாம்.

எச்.டி.எம்.ஐ. துளையின் அளவையும் பாருங்கள். முழு அளவுத் துளை உறுதியானது, மினி பரவாயில்லை, மைக்ரோ மிகவும் மென்மையானது. சிக்கன விலையில் கிடைக்கும் மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலும் மைக்ரோதான் இருக்கும் என்பதால், அதை ஒதுக்க முடியாது. கேபிளை டிரைபாடில் ஒரு பட்டையால் கட்டி, இழுவை துளையின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும்.

படி 4: கேமரா வகைகளில் உங்களுடையது எது என்று பாருங்கள்

தொலைவிலிருந்து எடுப்பதுதான் உங்கள் முதன்மைத் தேவை என்றால் கேம்கார்டரை முதலில் பாருங்கள். புகைப்படக் கேமராக்களின் பளபளப்பில் இந்த வகையைப் பலர் மறந்தேவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தம். நீண்ட ஜூம் உள்ளேயே இருக்கிறது, மணிக்கணக்கில் ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது, கைப்பிடி அசையாமல் மெதுவாக ஜூம் செய்ய முடிகிறது. கேனான் எச்.எஃப். ஆர்800 போன்ற எளிய கேம்கார்டரில் 32 மடங்கு ஆப்டிகல் ஜூம் உண்டு. அதன் சென்சார் 1/4.85 அங்குலம் மட்டுமே என்பதால் வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். நன்கு ஒளியூட்டிய மேடையிலோ அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. சிறிய சென்சாரால் ஒரு நன்மையும் உண்டு. பேசுபவர் இரண்டடி முன்னும் பின்னும் நகர்ந்தாலும் முகம் தெளிவாகவே இருக்கும். பின்னணியை மங்கலாக்கும் பெரிய சென்சாரில் அதே அசைவுக்கு ஃபோகஸ் தடுமாறும், அதை நேரலையில் திருத்தவும் முடியாது. கேம்கார்டர்கள் சில 1080i என்னும் இடைப்பின்னல் வடிவில் (படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பும் முறை) படத்தை அனுப்பும் என்பதால், ஸ்விட்ச்சர் அதை ஏற்குமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

நேர்காணல், சமையல், பாடம் நடத்துதல் போன்று கேமரா இரண்டு, மூன்று மீட்டர் தூரத்திலேயே இருக்கும் நிகழ்ச்சிகளுக்கு மிரர்லெஸ் சிறப்பாக இருக்கும். முகத்தின் தோல் நிறமும், குறைந்த வெளிச்சத்தில் படமும் கேம்கார்டரைவிடத் தெளிவாக மேம்பட்டிருக்கும். சோனி 2021-இல் வெளியிட்ட இசட்.வி.-இ10 இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதை யு.எஸ்.பி. வழியே நேரடியாகக் கணினியில் இணைத்தால் 720 அளவில்தான் படம் கிடைக்கும், எச்.டி.எம்.ஐ. வழியே எடுத்தால்தான் அதன் முழுப் பயனும் கிடைக்கும். 2015-இல் வந்த பானசோனிக் ஜி7 பயன்படுத்திய பொருளாக மலிவாகக் கிடைப்பது. பானசோனிக்கின் லூமிக்ஸ் கேமராக்களுக்கு, அசைவைப் பின்தொடர்வதில் தேர்ந்த ஃபேஸ் டிடெக்ஷன் (phase detection; முகத்தை அறியும் வசதி அல்ல) ஃபோகஸ் 2023-இல் வந்த எஸ்5 II வரை கிடையாது என்பதால், ஜி7-இன் தானியங்கி ஃபோகஸ் அவ்வப்போது முன்னும் பின்னும் அலையும். இடம் மாறாமல் உட்கார்ந்து பேசுபவருக்குக் கையால் ஃபோகஸ் வைத்துவிட்டால் அந்தக் குறையே இல்லை. எனவே நடமாடும் பேச்சாளருக்கு ஒன்று, அமர்ந்திருப்பவருக்கு மற்றொன்று என்று கேமராவின் பலத்தைப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

கைபேசியைக் கூடுதல் கேமராவாகப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஐஓஎஸ் 16-ம் மேக்ஓஎஸ் வெஞ்சுராவும் வந்த 2022 முதல் ஐஃபோனை மேக் கணினியின் கேமராவாக நேரடியாகப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டு 14-இலிருந்து பல கைபேசிகள் யு.எஸ்.பி. வழியே வெப்கேமராவாக இயங்குகின்றன. படம் நன்றாகவே இருக்கும். வெப்பம், இடையே வரும் அழைப்பு, வைஃபை வழியே அனுப்பினால் ஏற்படும் ஏற்ற இறக்கமான தாமதம் ஆகியவைதான் சிக்கல். கம்பி வழியே இணைத்து, விமானப் பயன்முறையில் வைத்து, மேடை முழுவதையும் காட்டும் அகலக் காட்சிக்குப் பயன்படுத்துங்கள். முதன்மைக் காட்சிக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். வெப்கேமராவுக்கும் ஏறக்குறைய இதே இடம்தான்: மேசைக்கு நேர் மேலே பொருத்தி, கைகளையும் பொருளையும் காட்ட அது நன்றாகப் பொருந்தும்.

தொலைவிலிருந்தே திருப்பவும் ஜூம் செய்யவும் முடிகிற பி.டி.இசட். கேமராக்கள், கேமராவுக்கு ஓர் ஆள் நிற்க முடியாத குழுக்களுக்குப் பெரிய உதவி. ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் கட்டுப்பாடும் போகும் மாதிரிகளும் உண்டு. சோனி உருவாக்கிய விஸ்கா என்ற கட்டளை முறையைப் பல நிறுவனங்களும் ஏற்றிருப்பதால், ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையால் மற்றொன்றின் கேமராவை இயக்க முடிவதும் உண்டு. ஆனால் இந்த வகையில் மலிவானவற்றை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். குறைந்த விலை பி.டி.இசட்.களில் வெளிச்சம் குறையும்போது ஃபோகஸ் தேடுவதும், திருப்பும்போது படம் வெட்டி வெட்டி நகர்வதும் பார்வையாளருக்கு உடனே தெரியும்.

கேமரா ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. 3840×2160 அளவுள்ள 4கே படத்தில் 1920×1080 அளவுள்ள நான்கு சட்டங்கள் அடங்கும். 4கே-யை உண்மையிலேயே கணினிக்குத் தரும் கேப்சர் கார்டு ஒன்று இருந்தால், முழுப் படத்தை அகலக் காட்சியாகவும், அதில் வெட்டியெடுத்த பகுதியை நெருங்கிய காட்சியாகவும் ஓ.பி.எஸ்.-இல் வைத்துக்கொண்டு, இரண்டு கேமரா இருப்பதுபோல் மாற்றலாம். கோணம் மாறாது, நிறம் மட்டும் எப்போதும் அச்சாகப் பொருந்தும்.

படி 5: கேமராக்களை ஒன்றோடொன்று பொருத்துங்கள்

ஒரு கேமராவில் முகம் மஞ்சளாகவும் அடுத்ததில் இளநீலமாகவும் தெரிந்தால், ஒவ்வொன்றும் தனியாக எவ்வளவு அழகாக இருந்தாலும் நிகழ்ச்சி அரைகுறையாகத் தோன்றும். முடிந்தால் ஒரே மாதிரியை வாங்குங்கள்; முடியாவிட்டால் ஒரே நிறுவனத்தின், ஒரே காலகட்டத்து மாதிரிகளையாவது வாங்குங்கள். முதல் கேமராவை வாங்கும்போதே, அதே மாதிரி இன்னும் ஓராண்டு கழித்தும் புதிதாகவோ பயன்படுத்தியதாகவோ கிடைக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்தக் கேமராவானாலும் வைட் பேலன்ஸ் (வெள்ளை எது என்ற நிற அளவீடு), ஷட்டர் (ஒவ்வொரு சட்டமும் ஒளி பெறும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) ஆகிய நான்கையும் கையால் நிறுத்திவைக்க முடிய வேண்டும். வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், ஒவ்வொரு கேமராவும் தன் சட்டத்துக்குள் இருக்கும் திரைச்சீலையையும் சட்டையையும் பார்த்துத் தனித்தனி முடிவெடுக்கும். பேசுபவர் நிற்கும் இடத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடிக்கச் செய்து, எல்லாக் கேமராக்களையும் அதே அட்டையைப் பார்த்தே அளவெடுக்க வையுங்கள். ஷட்டரை அந்த நாட்டு மின்சாரத்தின் அலைவெண்ணுக்குப் பொருத்துங்கள்: 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. இது பொருந்தாவிட்டால் விளக்குகளின் சிமிட்டல் படத்தில் பட்டைகளாக ஓடும். மலிவான வெப்கேமராக்களை முதன்மைக் காட்சிக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு, இந்தக் கட்டுப்பாடுகள் அவற்றில் அரைகுறையாக இருப்பதும் ஒரு காரணம்.

படி 6: தாமதத்தையும் ஒலியையும் கணக்கில் எடுங்கள்

ஒவ்வொரு கேமராவும் படத்தை வெளியே அனுப்ப எடுத்துக்கொள்ளும் நேரம் வேறுபடும். நொடிக்கு 30 சட்டங்களில் ஒரு சட்டம் என்பது 33 மில்லி விநாடி. மூன்று சட்டங்கள் பிந்தினால் ஏறக்குறைய 100 மில்லி விநாடி ஆகிவிடும். ஒலியோ மைக்கிலிருந்து மிக்சர் வழியாக உடனே வந்துவிடுகிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி.1359 பரிந்துரை, ஒலி படத்தை 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர் உணரத் தொடங்குவர் என்றும், பிந்தும்போது 125 மில்லி விநாடி வரை உணர மாட்டார்கள் என்றும் குறிக்கிறது. அதனால் ஒலி முந்துவதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

செய்முறை எளிது. எல்லாக் கேமராக்களும் ஒருவரையே பார்க்கும்படி வைத்து, அவரைக் கைதட்டச் சொல்லி, ஒவ்வொரு கேமராவுக்கும் மாற்றி மாற்றிப் பதிவு செய்யுங்கள். பதிவைச் சட்டம் சட்டமாக நகர்த்தி, உள்ளங்கைகள் சேரும் சட்டத்துக்கும் சத்தம் எழும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை எண்ணுங்கள். மிகவும் பிந்தும் கேமராவின் அளவுக்கு ஒலியையும் மற்றக் கேமராக்களையும் தாமதப்படுத்த வேண்டும், ஓ.பி.எஸ்.-இல் ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனியாகத் தாமதம் கொடுக்கலாம். ஸ்விட்ச்சர் வழியில் கேமராக்களைத் தனித்தனியாகத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் முடியாது. ஒரே மாதிரிக் கேமராக்களை வாங்கச் சொல்வதற்கு நிறத்தைப் போலவே இதுவும் வலுவான காரணம்.

கேமராவின் உள்மைக்கை நிகழ்ச்சியின் ஒலிக்குப் பயன்படுத்த வேண்டாம். கேமராவில் மைக் துளை இல்லை என்பதற்காக ஒரு நல்ல மாதிரியை ஒதுக்கவும் வேண்டாம். ஒலி நேராக ஸ்விட்ச்சருக்கோ கணினிக்கோதான் போகப்போகிறது.

படி 7: பணத்தைப் பிரித்து, வரிசையாக வாங்குங்கள்

கையில் இருக்கும் மொத்தத் தொகையில் பாதியை மட்டுமே கேமராவுக்கும் லென்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கணக்கு. மீதிப் பாதி மைக், விளக்கு, டிரைபாட், கேபிள், மின்சார ஏற்பாடு, ஸ்விட்ச்சர் அல்லது கேப்சர் கார்டு ஆகியவற்றுக்குப் போகும். ஒலி சரியில்லாத நேரலையை விட்டுப் பார்வையாளர் விலகிவிடுவார். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார். நல்ல வெளிச்சம் இருந்தால் சிறிய சென்சார் கேமராகூட மேலே ஒரு படி ஏறிவிடும் என்பதால், இரண்டாவது கேமராவுக்கு முன் விளக்கை வாங்குவதே பல இடங்களில் சரியான முடிவாக இருக்கும். நடமாடும் பேச்சாளரைப் பின்தொடரும் கேமராவுக்கு மட்டும் வீடியோவுக்கான ஃப்ளூயிட் ஹெட் (அதிராமல் சீராகத் திருப்ப உதவும் தலைப்பகுதி) கொண்ட டிரைபாட் வாங்குங்கள். அசையாத கேமராக்களுக்கு எளிய டிரைபாட் போதும்.

பயன்படுத்திய கேமராவை வாங்குவது சிக்கனத்துக்கு நல்ல வழி, ஆனால் புகைப்படக்காரர்கள் பார்ப்பதுபோல் ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படங்கள் எடுத்தது என்பதை) மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நேரலைக்கு எச்.டி.எம்.ஐ. துளைதான் உயிர். கேபிளைச் செருகி, திரையில் படம் தெரியும்போது கேபிளின் முனையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். படம் துடித்தால் அந்தக் கேமராவை அங்கேயே விட்டுவிடுங்கள். சென்சாரில் நிலையான ஒளிப்புள்ளிகள் உள்ளனவா என்று, லென்ஸை மூடி ஐ.எஸ்.ஓ.-வை உயர்த்திப் பாருங்கள். பேட்டரி இடும் அறையின் தொடர்பு முனைகள் துருவின்றி இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்; டம்மி பேட்டரி அங்கேதான் உட்காரப்போகிறது.

புதியதோ பயன்படுத்தியதோ, முதலில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், உண்மையான நிகழ்ச்சியில் பயன்படுத்தப்போகும் அதே கேபிள், அதே ஸ்விட்ச்சர், அதே மின் இணைப்போடு அதை இயக்கி, உங்கள் நிகழ்ச்சி எவ்வளவு நேரம் நீடிக்குமோ அதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடவிட்டு, வெளியீட்டைக் கணினியில் பதிவு செய்யுங்கள். பதிவை வேகமாக ஓட்டிப் பார்த்து, எங்காவது படம் ஒரு கணம் கறுத்ததா, எச்சரிக்கை எழுத்து ஏதும் வந்து போனதா, ஃபோகஸ் அலைந்ததா என்று தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் அதே மாதிரியில் இரண்டாவதையும் மூன்றாவதையும் வாங்கி, முதல் கேமராவில் வைத்திருக்கும் அமைப்புகளை ஒன்றுவிடாமல் அவற்றுக்கும் இட்டு, மூன்றையும் ஒருசேர இணைத்து அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள்.